பெட்டி வேறு, கூட்டம் வேறு

சென்ற தை மாதத்தில், நெசவாளரும் விவசாயிகளும் ஒருங்கே வாழும் ஒரு சிற்றூரின் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். ஊரின் பெயரும் சங்கத்தின் பெயரும் இங்கே வேண்டுவதில்லை. துணைத்தொழில் பதிவேட்டில், "தேனீ வளர்ப்பு: 12 பெட்டிகள்" என்று அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. மானியம் பெற்றுப் பெட்டிகள் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலாண்டில் அந்தப் பதிவைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டவர்களும் நாமே. அன்று பெட்டிகளைச் சங்கக் கட்டிடத்தின் திண்ணையில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எண்ணினோம், பன்னிரண்டும் இருந்தன, கையொப்பமிட்டோம். இம்முறை அவை வீடுகளில் எந்நிலையில் இருக்கின்றன என்று கண்டுவர வேண்டும் எனத் தோன்றியது.

பதினொரு வீடுகளில் பெட்டி இருந்தது, தேனீ இல்லை. ஒரு வீட்டில் பெட்டிக்குள் தார்க்குச்சிகள் அடுக்கப்பட்டிருந்தன. மற்றொரு வீட்டில் வற்றல் மிளகாய் இருந்தது. வேறொரு வீட்டில் பெட்டியை மழையில் விட்டுவிட்டதால் பலகைகள் விண்டு கிடந்தன. தறியில் அமர்ந்து நெய்துகொண்டிருந்த ஓர் அம்மையார் நாடாவை நிறுத்திவிட்டு நம்மிடம் சொன்னார்: "பெட்டி நல்ல பெட்டிதான் சார். பூச்சி வந்த பதினெட்டாம் நாள் பறந்து போயிடுச்சு. நாங்க என்ன தப்புப் பண்ணினோம்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் வந்து சொல்லலை."

அந்த ஒரு வாக்கியத்திற்கு நம்மிடம் விடை இல்லை. பதிவேட்டில் பன்னிரண்டு என்று எழுதியவர் பொய் எழுதவில்லை. சரிபார்த்த நாமும் பொய்க் கையொப்பம் இடவில்லை. ஆனால் பெட்டியை எண்ணிவிட்டுத் தேனீ வளர்ப்பை எண்ணிவிட்டதாக நினைத்துக்கொண்டோம். தறியை எண்ணிவிட்டுத் துணியை அளந்துவிட்டதாக எவரேனும் கூறினால் நெசவாளர் நகைக்க மாட்டாரா? அன்று முதல் இப்பொருள் குறித்து நாம் கற்றதையும், பட்டதையும், நம் கருத்தையும் அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நம் கருத்தைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடுவோம். தேனீ வளர்ப்பை முதலில் வருமானத் தொழிலாகத் தொடங்கலாகாது. வீட்டுப் பொழுதுபோக்காகவே தொடங்க வேண்டும். கடனும் மானியமும் பின்னால் வரட்டும். முதலாண்டில் தேன் ஒரு கரண்டிகூடக் கிடைக்காமற் போகலாம் என்பதை அறிந்து தொடங்குகிறவரே மூன்றாம் ஆண்டில் தேன் எடுப்பவர்.

இத்தொழில் நமக்குப் புதியதன்று. பானையிலும் சுவர்ப் பொந்திலும் தேனீயைக் குடிவைக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. சட்டங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்க்கத்தக்க பெட்டியை நம் நாட்டுத் தேனீயின் உடலளவிற்கு ஏற்பச் சிறிதாக அமைத்து, 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில் தென்னிந்தியக் கிராம மக்களுக்குப் பயிற்சியளித்தவர் நியூட்டன் பாதிரியார். இன்றும் நம் பகுதிகளில் "நியூட்டன் பெட்டி" என்றே அது வழங்குகிறது. பின்னர் 1924-இல் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் முன்னின்று கிறித்தவ இளைஞர் சங்கத்தின் கிராமப் புனரமைப்பு நிலையத்தைத் தொடங்கினார். அங்கு கற்பிக்கப்பட்ட கைத்தொழில்களுள் தேனீ வளர்ப்பும் ஒன்று. அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த அவ்வூரில், நாடு விடுதலை பெறுமுன்பே தேனீ வளர்ப்போர் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். குமரி மாவட்டம் தேனுக்குப் பேர்பெற்றது தற்செயலாக அன்று. பெட்டி சென்ற வீட்டிற்குக் கற்பிக்கும் ஆளும் சென்றார். விளைந்த தேனை வாங்கச் சங்கமும் இருந்தது. இவ்விரண்டும் இல்லாத இடத்தில் பெட்டி வெறும் மரப்பெட்டியே.

தொடங்குவோர் முதலில் அறியவேண்டியது, எந்தத் தேனீ என்பது. நம் நாட்டில் பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் ஒற்றைப் பேரடை கட்டும் மலைத்தேனீ உண்டு. புதரில் சிற்றடை கட்டும் கொம்புத் தேனீ உண்டு. இவ்விரண்டும் வெட்டவெளியில் வாழ்பவை, பெட்டியில் அடங்கா. பொந்துக்குள் இருளில் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும் அடுக்குத் தேனீயே, அதாவது இந்தியத் தேனீயே, நம் வீட்டுப் பெட்டிக்கு உரியது. மேனாட்டிலிருந்து வந்த இத்தாலியத் தேனீ மிகுந்த தேன் தரும். ஆனால் பூப்பருவத்தைத் தொடர்ந்து பெட்டிகளை ஊர் ஊராக ஏற்றிச் செல்லும் பெருந்தொழிலுக்கே அது ஏற்றது. கொடுக்கில்லாத கொசுத் தேனீயைச் சிறு பெட்டியில் வளர்ப்பாரும் உளர். குழந்தைகள் மிகுந்த வீட்டிற்கு அது நன்று. தேன் மட்டும் மிகச் சிறிதளவே கிடைக்கும்.

ஒரு கூட்டம் என்பது ஆயிரக்கணக்கான ஈக்கள் சேர்ந்த ஒரே குடும்பம். முட்டையிடும் ராணி ஒன்றே. வேலைக்காரத் தேனீக்கள் யாவும் பெண்கள். அவை பிறந்த முதல் மூன்று வாரம் கூட்டுக்குள் புழுக்களுக்கு ஊட்டுதல், மெழுகு சுரந்து அடை கட்டுதல், வாயில் காத்தல் ஆகிய பணிகளையும், அதன்பின் மூன்று வாரம் வெளியே சென்று மதுவும் மகரந்தமும் நீரும் கொணரும் பணியையும் செய்து மடிகின்றன. ஆண்தேனீக்கள் இனப்பெருக்கத்திற்கு மட்டுமே. பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் ஒரு தேனீ தன் தோழிகளுக்கு நடனத்தால் அறிவிக்கிறது என்பதைக் கண்டு விளக்கிய கார்ல் வான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வளவும் எதற்கெனில், வேலைக்காரத் தேனீயின் ஆயுள் ஆறு வாரமே என்பதை உணர்ந்தவர்தாம் ராணி முட்டையிடுகிறதா என்று பார்ப்பதன் அருமையை அறிவார். முட்டை நின்றால் சில வாரங்களில் கூட்டம் கரைந்துவிடும்.

நெசவாளர்க்குப் புரியும் ஒன்றைச் சொல்வோம். அச்சின் பற்களுக்கிடையே உள்ள இடைவெளி தப்பினால் துணி என்னாகும்? தேன்பெட்டிக்கும் அத்தகைய இடைவெளி ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டு லாங்ஸ்ட்ராத் 1851-இல் இதைக் கண்டார். ஏறத்தாழ அரை விரற்கடை அளவான அந்த இடைவெளி குறுகினால் தேனீ உள்ளே நடமாட இயலாது. அகன்றாலோ அவ்விடத்தில் குறுக்கே அடை கட்டிச் சட்டங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பிணைந்த சட்டத்தைப் பிய்த்தெடுத்தால் புழுக்கள் நசுங்கும், கூட்டம் வெகுளும். எனவே பச்சை மரத்தில் அவசரமாகச் செய்து விலை குறைத்து அளிக்கப்படும் பெட்டி எவ்வளவு மலிவாயினும் வீண் செலவே. காய்ந்து முறுக்கிக்கொண்ட மரம் அளவைத் தின்றுவிடும். அந்த ஊரில் நாம் கண்ட பெட்டிகளுள் நான்கில் சட்டங்களை வெளியே எடுக்கவே இயலவில்லை.

அவ்வூரில் கூட்டம் உயிரோடிருந்த பன்னிரண்டாவது வீடு ஒரு முதிய விவசாயியுடையது. அவர் இளமையிலிருந்தே பானையில் தேனீ வைத்துப் பழகியவர். பெட்டி வருமுன்னரே தேனீயை அறிந்தவர். அவரிடமே நாம் ஒரு கூட்டத்தை விலைக்கு வாங்கி, மாசி மாதத்தில் நம் வாடகை வீட்டின் பின்புறம் கொய்யா மரத்தடியில் வைத்தோம். பிறர்க்கு உபதேசிக்குமுன் நாமே செய்து பார்ப்பதுதானே முறை? பட்டம் பெற்றவர்கள், நூல்களைப் படித்தவர்கள் என்ற நம்பிக்கையும் இருந்தது.

நடந்ததை மறைக்காமல் கூறுகிறோம். ஆர்வ மிகுதியால் மாலைதோறும் பெட்டியைத் திறந்து பார்த்தோம். ராணியைக் காணவேண்டும் என்னும் ஆவலால் சட்டங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். பெட்டியின் தாங்கிக் கால்களுக்குக் கீழே வைத்த நீர்க்கிண்ணங்கள் வெயிலில் வறண்டதைக் கவனியாமல் மூன்று நாள் முகாம் சென்றோம். திரும்பி வந்தபோது கறுப்பெறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. மறுநாட் காலையில் பெட்டி வெறுமையாக இருந்தது. பெரியவரிடம் சென்று சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "அதுக்கு வீடு பிடிக்கல, கிளம்பிடுச்சு. அடுத்ததைக் கொஞ்சம் சும்மா விட்டுப் பாருங்க சார்" என்றார். இரண்டாம் கூட்டம் இதுவரை நிலைத்திருக்கிறது. அவரிடம் நாம் கற்றவற்றையும், பின்னர்ப் பயிற்சி வகுப்பிலும் நூல்களிலும் சரிபார்த்துக் கொண்டவற்றையும் புதியவர்களுக்காக இங்கே தொகுக்கிறோம்.

தொடங்கும் பருவம் பூப்பருவத்தின் முகப்பாக இருக்கட்டும். நம் சமவெளியில் வேம்பும் புங்கமும் புளியும் பூக்கத் தொடங்குமுன் கூட்டத்தைக் குடியேற்றினால் அது தானே உண்டு தழைக்கும். குமரி மாவட்டத்தில் ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும் தை, மாசி மாதங்களே தேன் பெருகும் காலம். அங்கே மது சுரப்பது பூவில் அன்று. இளந்தளிரின் காம்பில் என்பது பலரும் அறியாத வியப்பு. தென்னையும் முருங்கையும் உள்ள இடத்தில் ஆண்டு முழுதும் ஓரளவு உணவு உண்டு. நம் நாட்டுத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் தூரத்திற்குள்ளேயே இரை தேடும். ஆகவே பெட்டி வாங்குமுன், வீட்டைச் சுற்றி அவ்வளவு தூரம் நடந்து, எந்த மாதத்தில் எது பூக்கிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுதல் நலம். இதற்குக் காசு செலவில்லை. இதைச் செய்யப் பொறுமையற்றவர் தேனீயும் வளர்க்க வேண்டியதில்லை.

இடம்: காலை வெயில் படவேண்டும்; நண்பகல் வெயில் படலாகாது. வாயில் ஆள் நடமாடும் பாதையை நோக்கி இருத்தல் கூடாது. தாங்கி உறுதியாக இருக்கவேண்டும். எறும்பு ஏறாதிருக்க நீர்க்கிண்ணம் வறளாது காக்கவேண்டும். அருகில் ஒரு தட்டில் கூழாங்கற்களிட்டு நீர் வைத்தால் தேனீ மூழ்காமல் அருந்தும். சாயப்பட்டறை உள்ள தெருவில் இதை மறவாமல் செய்யவேண்டும்; நல்ல நீர் அருகில் இருந்தால் சாயக் கழிவுநீரை நாடும் தேவை அதற்கு நேராது.

கூட்டம் கிடைக்கும் வழி இரண்டு. பழகியவரிடம் விலைக்கு வாங்கலாம். அல்லது பொந்திலோ பானையிலோ உள்ள கூட்டத்தைப் பெட்டிக்கு மாற்றலாம். பின்னதில் புழு உள்ள அடையை அறுத்துச் சட்டத்தில் பொருத்தி வாழைநாரால் கட்டுவார்கள். ஓரிரு நாளில் தேனீக்களே மெழுகால் ஒட்டிக்கொள்ளும். அறுந்த இழையை நொடியில் முடியும் நெசவாளர் விரல்களுக்கு இப்பணி எளிதே. குடியேறிய முதற்சில நாட்கள் ராணி வெளியேறாமலிருக்க வாயிலில் ராணித் தடுப்பு வைத்து, கூட்டம் நிலைத்ததும் அதை நீக்கிவிட வேண்டும்.

ஒரு பெட்டியோடு தொடங்குவதினும் இரண்டோடு தொடங்குவதே மேல். ஒன்று சோர்ந்திருப்பதை மற்றொன்றோடு ஒப்பிட்டுத்தான் புதியவர் அறிய இயலும். ஒன்றில் ராணி இறந்தால், மற்றதிலிருந்து புதுமுட்டையுள்ள சட்டம் ஒன்றைக் கொடுத்தால் போதும். வேலைக்காரத் தேனீக்கள் அதிலிருந்து புதிய ராணியை வளர்த்துக்கொள்ளும். முட்டையிட்ட நாளிலிருந்து ஏறத்தாழ 16 நாளில் ராணி வெளிவரும்.

பெட்டியைத் திறப்பது பத்து நாளைக்கு ஒருமுறை போதும். வாயிலுக்கு நேரே நில்லாது பக்கத்தில் நின்று, தேங்காய்நாரில் மூட்டிய மெல்லிய புகையைச் சிறிது காட்டி, அமைதியாகத் திறக்கவேண்டும். நறுமணத் தைலம் பூசிக்கொண்டு செல்லலாகாது. பார்க்கவேண்டியவை ஐந்தே: முட்டை உண்டா, தேனும் மகரந்தமும் இருப்பில் உண்டா, புதிய ராணி அறைகள் கட்டப்படுகின்றனவா, அடையில் மெழுகுப் புழுவின் நூலாம்படை உண்டா, புழுக்கள் வெண்மையாக இருக்கின்றனவா. முட்டை இருந்தால் ராணி இருக்கிறாள். அவளைத் தேடி அலையவேண்டியதில்லை. இதை அறியாமல்தான் நாம் முதற் கூட்டத்தை இழந்தோம். அடிப்பலகையில் சேரும் மெழுகுத் துகள்களைத் துடைத்தெடுத்தாலே மெழுகுப் புழு பெரிதும் அடங்கும். புதிய ராணி அறைகள் அடையின் கீழ்விளிம்பில் தொங்கினால் கூட்டம் பிரிந்துபோக ஆயத்தமாகிறது என்று பொருள். அப்போது நாமே இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

பூவில்லாத காலத்தில் சர்க்கரையும் நீரும் சம அளவு கலந்த பாகை மாலையில் பெட்டிக்குள்ளேயே வைக்கவேண்டும். பகலில் வெளியே சிந்தினால் பிற கூட்டங்கள் கொள்ளையிட வரும். பட்டினி கிடக்கும் கூட்டம் உழைக்காது, புறப்பட்டுவிடும். பஞ்ச காலத்தில் ஒரு படி சர்க்கரைக்குக் கணக்குப் பார்த்தவர் பூக்காலத்தில் வெறும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நோயைப் பற்றியும் சொல்லவேண்டும். 1976-இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட பைப்புழு நோய் என்னும் நச்சுயிரி நோய், 1991, 1992 ஆண்டுகளில் தென்னிந்தியா முழுதும் பரவி, இந்தியத் தேனீக் கூட்டங்களின் பெரும்பகுதியை அழித்துவிட்டது. மார்த்தாண்டத்திலும் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் வெறுமையாயின. புழு கூட்டுப்புழுவாகுமுன் இறந்து, நீர் நிறைந்த பைபோல் அறையில் நிமிர்ந்து கிடப்பது இதன் அடையாளம். இதற்கு மருந்தில்லை. நோய்கண்ட கூட்டத்தின் சட்டத்தை நலமான கூட்டத்திற்கு மாற்றாதிருப்பதும், நோய்க்கு ஈடுகொடுத்துப் பிழைத்த கூட்டத்திலிருந்தே பிரித்துப் பெருக்குவதுமே வழி. அன்று தொழிலைக் கைவிட்டவர் பலர். மீட்டெடுத்தவர்கள், பிழைத்த சில கூட்டங்களைப் பொறுமையோடு பேணியவர்களே.

இனி, தேன். மேலறையில் உள்ள சட்டத்தில் முக்கால் பங்கு அறைகளாவது மெழுகால் மூடப்பட்ட பின்னரே எடுக்கவேண்டும். மூடாத தேனில் நீர் மிகுதி, புளித்துவிடும். நல்ல தேனில் நீர் 20 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது. கீழறையாகிய புழு அறையைத் தொடவே கூடாது. அடையைப் பிழியாமல் சுழற்றும் கருவியில் எடுத்தால் தேனும் தூயது. வெற்றடையும் கூட்டத்திற்கே திரும்பும். சமவெளியில் ஒரு கூட்டம் ஆண்டுக்கு மூன்று முதல் ஐந்து கிலோ தருவதே பொதுவாக எதிர்பார்க்கத்தக்கது. நல்ல இடத்தில் மிகும். இதற்கு மேல் வாக்களித்துப் பெட்டி விற்பவரை நம்பவேண்டாம்.

வீட்டுத் தேன் கிடைத்ததும் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் ஆசை பாட்டிமார்க்கு எழும். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்கிருமியின் வித்துகள் பெரியவர்களுக்குத் தீங்கு செய்யாவிடினும் பச்சிளங் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு விளைவிக்கும். எவ்வளவு தூய தேனாயினும் இவ்விதி மாறாது. அவ்வாறே, தேனீ கொட்டினால் கொடுக்கைத் தாமதியாது சுரண்டி எடுத்துவிட வேண்டும். சிறு வீக்கம் இயல்பே. ஆனால் உதடும் நாக்கும் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ கைமருந்து பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். முன்பு அவ்வாறு கண்டவர் இப்பொழுதுபோக்கை மேற்கொள்ளாதிருப்பதே அறிவுடைமை.

இதுகாறும் கூறியவை ஒரு வீட்டார் தாமே செய்துகொள்ளத்தக்கவை. ஒரு வீட்டாரால் மட்டும் ஆகாதது ஒன்று உண்டு. அதுவே கூட்டுறவாளர்க்கு உரிய பொருள். தேனீக்கு வேலி இல்லை. நம் வீட்டுத் தேனீ அண்டை வயலில் மேய்கிறது. அவ்வயலில் காலை எட்டு மணிக்குப் பூத்த பயிர்மீது பூச்சிக்கொல்லி தெளித்தால் மாலைக்குள் பெட்டி வாயிலில் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடக்கும். இமிடாகுளோப்ரிட், குளோதியானிடின், தயாமீதாக்சாம் என்னும் மூன்று மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களுக்குப் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடைசெய்தது. தேனீக்கு நேரும் கேடே காரணம். இவற்றுள் முதலாவது நம்மூர் உரக்கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது. மருந்தே வேண்டாம் என்று பயிர் இழக்கும் விவசாயியிடம் கூறும் துணிவு நமக்கில்லை. பூக்கும் வேளையில் தவிர்க்கலாம்; தவிர்க்க இயலாதபோது தேனீ வீடு திரும்பிய பின் அந்தியில் தெளிக்கலாம்; முதல்நாள் அண்டையாருக்குச் சொல்லலாம். சொன்னால் அவர் ஈரச்சாக்கால் பெட்டியை மூடி நிழலில் காப்பார். எள், சூரியகாந்தி, கொத்தமல்லி, பூசணி, தென்னை ஆகிய யாவும் தேனீயின் வருகையால் காய்ப்பவை அல்லது மிகுந்து காய்ப்பவை. தெளிப்பவரும் தேனீயின் கடனாளியே.

நெசவாளர்க்கும் தேனீக்கும் உள்ள உறவு இன்று நேற்றையதன்று. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தார்க்காகக் கோடாலிக் கருப்பூரில் உருவான சேலைகளில், சாயம் ஏறலாகாத இடங்களை உருக்கிய மெழுகால் எழுதிக் காத்தனர். அந்த மெழுகைத் தந்தது தேனீ. இன்று அக்கலை அருகிவிட்டது. ஆயினும் நாள் முழுதும் வீட்டிலிருந்தே வேலை செய்யும் நெசவாளரைப்போல் தேனீயைக் கண்காணிக்கத்தக்கவர் வேறு யார்? கூட்டம் பிரிந்து கிளம்பும் இரைச்சலைத் தறியில் அமர்ந்திருப்பவர் கேட்பார். அலுவலகம் சென்றவர் கேளார்.

இங்கே ஒரு வினா எழலாம். "ஓராண்டு தேனில்லாமல் காத்திரு என்று சொல்வது வசதியுள்ளவர்க்கு அன்றோ? நாட்கூலியில் வாழும் குடும்பத்திற்குப் பொழுதுபோக்கு எதற்கு?" என்று ஒரு சங்கத்தின் செயலாளர் நம்மிடம் கேட்டார். நியாயமான வினாவே. ஆனால் அந்தப் பதினொரு வீடுகளை நினைத்துப் பார்க்கிறோம். மானியம் போக அவர்கள் தம் பங்காகக் கட்டிய தொகை திரும்பவில்லை, தேனும் வரவில்லை, "இது நமக்கு ஒத்துவராது" என்னும் எண்ணம் மட்டும் எஞ்சியது. ஏழைக்குத்தான் கற்காமல் தொடங்கும் செலவு தாங்காது. செல்வர் ஒரு பெட்டியை இழந்தால் வேறு வாங்குவார்.

2020-இல் மத்திய அரசு 500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்தைத் தொடங்கியது. பணம் இல்லை என்று இனிக் கூறுவதற்கில்லை. அதே ஆண்டு டிசம்பரில், தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், சந்தையில் விற்கும் தேன் வகைகள் பலவற்றில் சர்க்கரைப்பாகு கலப்படம் இருப்பதாகச் சோதனை முடிவுகளை வெளியிட்டது. நீரில் விட்டுப் பார்த்தல், தீக்குச்சியில் தோய்த்துக் கொளுத்துதல் முதலிய வீட்டுச் சோதனைகளால் இக்கலப்படத்தைக் கண்டறிய இயலாது. தெரிந்தவர் பெட்டியில், நம் கண்முன் எடுத்த தேனுக்கு மதிப்பு ஏறியிருக்கும் காலம் இது. பணமும் உண்டு, தேவையும் உண்டு. குறைவது கற்பிப்பவரும் கண்காணிப்பவருமே.

ஆகவே சங்கங்களுக்கு நாம் வேண்டுவன நான்கு. முதலாவது, ஒரு பருவமேனும் பழகிய ஒருவருடன் பெட்டி திறந்து பார்த்தவர்க்கே பெட்டி வழங்கப்பட வேண்டும். இரண்டாவது, ஊருக்குப் பன்னிரண்டு பேர்க்கு ஒவ்வொன்று என்பதைவிட, விருப்பமுள்ள நால்வர்க்கு இரண்டிரண்டு என்று வழங்குவதே மேல். அவர்கள் பிரித்துப் பெருக்கும் கூட்டங்கள் மற்றவர்க்குச் செல்லட்டும். மூன்றாவது, தேன் எடுக்கும் கருவி சங்கத்தின் பொதுச்சொத்தாக ஒன்று இருந்தால் போதும். அந்தப் பெரியவரைப் போன்ற ஒருவருக்கு மதிப்பூதியம் அளித்து மாதம் ஒருமுறை வீடுதோறும் பார்த்துவரச் செய்யலாம். நான்காவது, மருந்து தெளிக்கும் நாளைச் சங்கப் பலகையில் முன்னதாக எழுதிவைக்கும் வழக்கம் வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. பேரவைக் கூட்டத்தின் ஒரு தீர்மானம் போதும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. துணைத்தொழில் பதிவேட்டில் "பெட்டிகளின் எண்ணிக்கை" என்னும் பத்திக்கு அருகே, "கூட்டம் உள்ளவை" என்று ஒரு பத்தியை நம் பொறுப்பிலுள்ள சங்கங்களில் பென்சிலால் கோடிட்டிருக்கிறோம். அந்த ஊரில் இப்போது பெட்டிகள் 12 என்றும் கூட்டம் உள்ளவை 3 என்றும் எழுதியிருக்கிறது. மூன்றில் ஒன்று, நம்மைக் கேள்வி கேட்ட அந்த அம்மையாருடையது. பெரியவர் வந்து அடையைச் சட்டத்தில் வைத்துப் பிடிக்க, முடிச்சிட்டவர் அம்மையாரே. தார்க்குச்சிகள் பழைய கூடைக்குத் திரும்பிவிட்டன. இன்னும் தேன் எடுக்கவில்லை.

எண் சிறியது, ஆயினும் மெய். இனிப் பெட்டியின் மேல்மூடியைத் தூக்கிப் பார்க்காமல் அந்தப் பத்தியில் நாம் கையொப்பமிடப் போவதில்லை.